கையடக்கச் செயற்கைக்கோள் வானொலி

செல்போன் கோபுரமோ மின்கம்பியோ எட்டாத மலைமேட்டிலும் காட்டோரத்திலும் நின்று, சிறு வானொலியையும் கையில் பிடித்த ஆண்டெனாவையும் கொண்டு, தலைக்கு மேல் கடக்கும் செயற்கைக்கோள் வழியே தொலைவிலுள்ள இன்னொரு ஹாமுடன் (பொழுதுபோக்கு வானொலியாளருடன்) பேசும் முறை. ஹாம் உரிமம் இருந்தால் போதும்; வானொலிக்கு 5 வாட் சக்தியே தாராளம்.

ஸ்புட்னிக் பறந்த நான்கே ஆண்டுகளில் ஹாம்களுக்கும் விண்வெளியில் இடம் கிடைத்துவிட்டது. அமெரிக்க ஹாம்கள் தாங்களே செய்த ஆஸ்கர்-1, 1961 டிசம்பர் 12 அன்று ஏவப்பட்டது. சுமார் 4.5 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி மோர்ஸ் ஒலியில் 'ஹாய்' என்று மட்டும் 22 நாள் சொல்லிக்கொண்டிருந்தது. கீழிருந்து வரும் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் 1965 மார்ச்சில் ஆஸ்கர்-3 உடன் வந்தது. 1974 நவம்பரில் ஏவப்பட்ட ஆஸ்கர்-7இன் கதை தனியானது. 1981இல் மின்கலம் கெட்டு அது அடங்கிப்போனது. 2002 ஜூனில் திடீரென மறுபடி ஒலித்தது. சூரியத் தகட்டின் மின்சாரத்தை மட்டும் நம்பி, வெயில் படும் நேரத்தில் மட்டும் அது வேலை செய்தது.

இந்தியாவின் பங்கு ஹாம்சாட். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-6, கார்ட்டோசாட்-1 உடன் இதையும் கொண்டுபோனது. எடை 42.5 கிலோ. இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள்: ஒன்று இந்தியத் தயாரிப்பு, மற்றொன்று வில்லியம் லெய்யெனார் என்ற டச்சு மாணவர் செய்தது. 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145இல் திருப்பிச் சொல்லும். உலக ஹாம்கள் இதை விஓ-52 என்று அழைத்தார்கள். ஹாம்சாட் ஏவப்படுவதற்கு நான்கு மாதம் முன்புதான் சுனாமி அடித்திருந்தது. ஹாம் பயணமாக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், அந்தப் பேரிடரில் போர்ட் பிளேரிலிருந்து செய்தி கடத்தினார்கள். அங்கே கைகொடுத்தது சிற்றலை. தனித்துவிடப்பட்ட ஓரிடத்தில் ஒரு சிறு வானொலி என்ன செய்யும் என்பதை நாடே கண்ட நேரத்தில் ஹாம்சாட் மேலே போனது. ஒன்பது ஆண்டுக்கு மேல் உழைத்து, 2014 ஜூலையில் மின்கலம் செத்து ஓய்ந்தது. அது போல எல்லோருக்கும் பொதுவாக, ஆண்டுக்கணக்கில் பேச்சைக் கடத்திய இந்தியச் செயற்கைக்கோள் அதன்பின் வரவில்லை. பெரிய இழப்பு இது. சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் வழிகாட்டலில் பள்ளி மாணவிகள் உருவாக்கிய ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரியில் ஹாம் கருவியோடு பறந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தினமும் பேசிக்கொள்ள அது ஹாம்சாட்டுக்கு மாற்றாகாது.

இன்று புதியவர்கள் முதலில் தேடுவது 2002இல் ஏவப்பட்ட எஸ்ஓ-50ஐ. அதன் ஒலிபரப்பு கால் வாட்தான். அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் மறைய பத்துப் பதினைந்து நிமிடம். முதலில் வெறும் இரைச்சல். பிறகு இரைச்சல் தணிந்து யாரோ ஒருவரின் அழைப்புக்குறி காதில் விழும். வலது கை யாகி ஆண்டெனாவைச் செயற்கைக்கோளின் போக்கிலேயே நகர்த்த வேண்டும், குரல் மங்கினால் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால் டாப்ளர் விளைவில் 435 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேலும் கீழும் பத்துக் கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். இடது கை அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். எழுத நேரமில்லை, அதனால் எல்லாம் ரெக்கார்டரில் பதிவாகும். ஆண்டெனாவைத் தச்சர் எஃகு இஞ்ச் டேப்பை வெட்டி பிவிசி குழாயில் பொருத்தியே பலரும் செய்துகொள்கிறார்கள். மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

அழைப்புக்குறிக்கு அடுத்து சொல்ல வேண்டியது கட்டம். 1980இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் ஊரில் கூடியவர்கள் வகுத்த முறைப்படி பூமி முழுவதும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. யாரும் பேசாத கட்டத்திலிருந்து பேசுவதற்காகவே ஹாம்கள் காடுமலை ஏறுகிறார்கள். இந்த விஷயத்தில் திருப்பூரை அடுத்துள்ள பல்லடத்தின் இருப்பிடம் சுவையானது. கட்டங்களின் எல்லையான 11 பாகை வடக்கு அட்சக்கோடு ஊருக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. அதனால் திருப்பூர் எம்கே81, பல்லடம் எம்கே80. உடுமலை, டாப்ஸ்லிப், வால்பாறை, கொடைக்கானல் எல்லாம் பல்லடத்தின் கட்டத்திலேயே அடங்கும். விசைத்தறி மோட்டார்கள், இன்வெர்ட்டர்கள், எல்இடி விளக்குகளின் மின் இரைச்சல் ஊருக்குள் வானொலியைக் கெடுக்கும். ஊரைத் தாண்டி வெறும் காட்டுக்குப் போனால் நான்கு பக்கமும் திறந்த வானம். ஒரே எதிரி பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் அது நீண்ட யாகியைக் கையில் நிற்கவிடாது. ஆனைமலையில் உயரம் கிடைக்கும், ஆனால் பள்ளத்தாக்கில் நின்றால் மலையே செயற்கைக்கோளை மறைத்துவிடும். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதியும் கட்டாயம்.

துரத்தலே இல்லாத வழியும் உண்டு. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெயில்-2 புவிநிலைச் செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென டிரான்ஸ்பாண்டர் உண்டு; பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை கேட்கும். பல்லடத்திலிருந்து அது மேற்கே, சற்றுத் தெற்கு சாய்ந்து, சுமார் 30 பாகை உயரத்தில் அசையாமல் நிற்கிறது. சாதாரண டிடிஎச் டிஷ்ஷும் எல்என்பியும், லேப்டாப்பில் செருகும் ஒரு எஸ்டிஆர் (மென்பொருள் வானொலி) துண்டும் இருந்தால் கேட்கத் தொடங்கிவிடலாம், பேசுவதற்குத்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியும் உரிமமும் வேண்டும்.