மனச்சிதைவு நோய்: ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, வீட்டாரையே சந்தேகிப்பது, தூக்கம் கெடுவது, ஒதுங்கிப்போவது இதன் அறிகுறிகள். முதல் பாதிப்பு தணிந்ததும் பெற்றோர் நம்மிடம் கேட்பது: "ஸ்கேன் எடுத்தால், திரும்ப வருமா என்று தெரிந்துவிடுமா?"

ஸ்கேன் எதற்கு?

1976-ல் லண்டன் மருத்துவர்கள், நெடுங்காலம் இந்நோயுடன் இருந்தவர்களின் மூளையில் திரவ அறைகள் சற்றுப் பெரிதாக இருப்பதை சி.டி. ஸ்கேனில் கண்டனர். நோயின் தொடக்கத்திலேயே சிறு மாற்றங்கள் இருப்பதைப் பின்வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டின. ஆனால் இவை பலரின் சராசரியை ஒப்பிட்டுக் கண்டவை. ஒருவரின் படத்தை மட்டும் வைத்து, அவருக்கு நோய் திரும்புமா என்று உறுதியாகச் சொல்லும் ஸ்கேன் வழக்கமான சிகிச்சையில் இன்னும் இல்லை. கட்டி, வீக்கம் போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கவே பெரும்பாலும் ஸ்கேன் எழுதுகிறார்கள். "ஸ்கேன் நார்மல்" என்றால் மாத்திரை வேண்டாம் என்று பொருளல்ல.

எதனால் திரும்புகிறது?

முதல் பாதிப்பிலிருந்து தேறியவர்களை 5 ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு என்று அது கண்டது. கஞ்சாவும், வீட்டில் ஓயாத ஏச்சுப் பேச்சும் அபாயத்தைக் கூட்டும்.

டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், கனடாவின் மாண்ட்ரீல் நகரத்தாருடன் சேர்ந்து தொடக்கநிலை நோயாளிகளை ஆராய்ந்தது. சிகிச்சையில் குடும்பத்தாரின் பங்கு சென்னையில் அதிகம்; சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் இங்கே குறைவு. நம் குடும்ப அமைப்பின் பலம் இது.

நோன்பும் மாத்திரையும்

ரமழானில் சிலர் தாமாகவே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. நோன்பு திறந்த பின்னும் ஸஹரிலுமாக வேளையை மாற்றலாமா என்று ரமழானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். முடியாதென்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. மருத்துவம் செய்துகொள்ளுமாறு வழிகாட்டியவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே.

நமதூர் மக்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை பெறலாம். தூக்கம் குறைவதும் பழைய சந்தேகம் தலைகாட்டுவதும் நோய் திரும்புவதன் முன்னறிகுறிகளாக இருக்கலாம். எந்த ஸ்கேனுக்கும் முன்பாக அதைக் காண்பது உம்மாவின் கண்தான்; கண்டவுடன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.