மலையேறக் கற்போம்: தொட்டபெட்டா முதல் எவரெஸ்ட் வரை

மழை விட்ட ஒரு காலை நேரத்தில், உக்கடத்திலோ குனியமுத்தூரிலோ மொட்டை மாடியில் நின்று மேற்கே பாருங்கள். நீல நிறத்தில் மலைத்தொடர் தெரியும். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு மலை என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் படம் அல்ல. வடக்கே நீலகிரியும் சத்தியமங்கலம், பர்கூர் மலைகளும் இருக்கின்றன. தெற்கே ஆனைமலையும் பழனி மலையும், கிழக்கே சேர்வராயனும் கொல்லிமலையும் நிற்கின்றன. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் மட்டும் வாசல் போலத் திறந்திருக்கிறது. கோவைக்குக் குளிர்ந்த காற்று வருவது அந்த வாசல் வழியாகத்தான்.

இவ்வளவு மலைகளுக்கு நடுவே வாழும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பல. எது உயரமான மலை? அதை எப்படி அளந்தார்கள்? நாமும் ஏற முடியுமா? இந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்துத் தருகிறோம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கலாம்.

நம் பக்கத்துச் சிகரங்கள்

தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் ஊட்டிக்கு அருகிலுள்ள தொட்டபெட்டா. உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமானது கேரளத்தில், இரவிகுளம் தேசியப் பூங்காவில் உள்ள ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 58 மீட்டர்தான்.

நமக்கு நெருக்கமான இன்னொரு மலை இலங்கையில் இருக்கிறது. நம் பெரியவர்கள் பாவா ஆதம் மலை என்று சொல்லும் அந்தச் சிகரம் 2,243 மீட்டர் உயரம். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் அதில் ஏறினார். பாறைகளில் பொருத்தப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு மக்கள் ஏறியதைத் தம் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். கயிறும் சங்கிலியும் பிடித்து மலையேறுவது புதிய பழக்கம் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஏழு கண்டங்கள், ஏழு சிகரங்கள்

ஒவ்வொரு கண்டத்திலும் மிக உயரமான சிகரம் எது? மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆசியா: எவரெஸ்ட், 8,848.86 மீட்டர்
தென் அமெரிக்கா: அகோன்காகுவா (அர்ஜென்டினா), 6,961 மீட்டர்
வட அமெரிக்கா: டெனாலி (அலாஸ்கா), 6,190 மீட்டர்
ஆப்பிரிக்கா: கிளிமஞ்சாரோ (தான்சானியா), 5,895 மீட்டர்
ஐரோப்பா: எல்ப்ரஸ் (ரஷ்யா), 5,642 மீட்டர்
அண்டார்டிகா: வின்சன், 4,892 மீட்டர்
ஆஸ்திரேலியா: காசியஸ்கோ, 2,228 மீட்டர்

கடைசி வரியைக் கவனித்தீர்களா? ஆஸ்திரேலியாவின் உச்சியைவிட நம் தொட்டபெட்டா 400 மீட்டருக்கும் மேல் உயரம்!

உலகில் 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் 14. அவற்றில் முதலிடம் எவரெஸ்டுக்கு. இரண்டாவது கே2, 8,611 மீட்டர். மூன்றாவது, சிக்கிம் எல்லையில் உள்ள கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். இந்தியாவின் மிக உயரமான சிகரம் இதுவே.

ஏறாமலே அளந்தது எப்படி?

எவரெஸ்டின் உச்சியில் மனிதன் கால் வைத்தது 1953இல். ஆனால் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் உயரம் கணக்கிடப்பட்டுவிட்டது. அந்தக் கணக்கின் தொடக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

1802இல் சென்னை பறங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் ஒரு நேர்கோட்டைத் துல்லியமாகச் சங்கிலி வைத்து அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் படிக்கும் அதே முக்கோணவியல்தான். இப்படி ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொன்றாகக் கட்டிக்கொண்டே அளவையாளர்கள் நாடு முழுவதும் சென்றார்கள். லாம்ப்டன் அளந்த இடங்களில் நம் கோவை வட்டாரமும் ஒன்று. பல பத்தாண்டுகள் கழித்து அந்த அளவை இமயமலையை எட்டியது. தொலைவிலிருந்து எடுத்த கோணங்களை வைத்து, 1852இல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித அறிஞர் உலகின் உயரமான சிகரத்தைக் கண்டறிந்தார். 1856இல் வெளியான அளவு 29,002 அடி. இன்றைய அளவு சுமார் 29,032 அடி. வித்தியாசம் 30 அடிதான்!

கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மேலே போகப் போக என்ன நடக்கும்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கோவை 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆகவே கோவையைவிட ஊட்டியில் சுமார் 12 டிகிரி குறைவு. மேட்டுப்பாளையத்தில் வியர்வையோடு ரயில் ஏறிய பிள்ளைகள் குன்னூரில் ஸ்வெட்டர் கேட்பது இதனால்தான்.

காற்றும் மெலிந்துகொண்டே போகும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகத் தாமதமாகும், குக்கர் கட்டாயம். எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரியை ஒட்டியே தண்ணீர் கொதிக்கும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். 8,000 மீட்டருக்கு மேலே உள்ள பகுதியை மலையேறுவோர் 'மரண மண்டலம்' என்கிறார்கள்.

அதனால்தான் உயர்ந்த மலைகளில் யாரும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அது உயர நோயின் அறிகுறி. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது.

ஏறியவர்கள் சொல்லித் தருவது

1953 மே 29இல் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் முதன்முதலில் எவரெஸ்டை அடைந்தார்கள். 1984இல் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2013இல் ரஹா முஹர்ரக் எவரெஸ்ட் தொட்ட முதல் சவூதிப் பெண். 2022இல் கேரள அரசு ஊழியர் ஷேக் ஹசன் கானும், 2023இல் நம் தமிழ்நாட்டு முத்தமிழ்ச்செல்வியும் அந்த உச்சியில் நின்றார்கள்.

உச்சியைத் தொடாதவர்களையும் நாம் நினைக்க வேண்டும். 1954இல் இத்தாலியக் குழு கே2வை முதன்முதலில் ஏறியபோது, ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்து 8,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஹன்ஸாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தி. கூடாரம் கிடைக்காமல் இரவு முழுவதும் திறந்தவெளிப் பனியில் கிடந்தார். மறுநாள் வேறு இருவர் உச்சியை அடைந்தார்கள். அமீர் மெஹ்தி உயிரோடு திரும்பினார். பனிக்கடியால் கால்விரல்களை இழந்தார். ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாலும் சுமை தூக்கியவர்கள் இருக்கிறார்கள்.

1955இல் கஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடிகள் முன்பே நின்றுவிட்டார்கள். அந்த மலையைப் புனிதமாகக் கருதும் சிக்கிம் மக்களுக்காக, உச்சியை மிதிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். பார்க்க யாருமில்லாத இடத்திலும் வாக்கைக் காப்பாற்றினார்கள்.

மறக்கக் கூடாத குரங்கணி

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு குழுவும், நம் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து ஒரு குழுவும் போயிருந்தன. பெரும்பாலும் இளம் வயதினர். கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை நாம் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம்.

அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கான விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அதில் உள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளைகள் மலையேற ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம், முறையாக அனுப்புங்கள். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் யார் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள். நம் காடுகளில் யானைகள் உண்டு. பள்ளம் தெரியாமல் மூடும் பனிமூட்டமும் உண்டு. வெறும் செருப்பில் ஏற விடாதீர்கள். பிடிமானமுள்ள ஷூ, குடிநீர், மழைக்கோட்டு அவசியம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். உண்மையான மலையேற்றம் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு, டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தவர்களுக்கு அங்கே பயிற்சி பெறும் வாய்ப்பும் கிடைக்கிறது.

பிள்ளைகளே, உச்சியை அடைவது பாதிப் பயணம்தான். பத்திரமாக இறங்கி, வாசலில் காத்திருக்கும் அத்தா அம்மாவிடம் வந்து சேர்ந்தால்தான் பயணம் முடிகிறது. வானிலை மோசமானால், உடல் முடியாது என்று சொன்னால், வழிகாட்டி 'போதும்' என்றால், திரும்பிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலை அங்கேயேதான் இருக்கும். இன்னொரு நாள் போகலாம்.