சோளமும் பெலாக்ராவும்

பெலாக்ரா என்பது நியாசின் (வைட்டமின் பி3) பற்றாக்குறையால் வரும் நோய். கழுத்து, கை போன்ற வெயில் படும் இடங்களில் தோல் கருத்து உரியும். வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தொடரும். கவனிக்காவிட்டால் உயிரிழப்பும் நேரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளின் நோயாக இருந்தது. இந்தியாவில் தக்காணப் பகுதியில் சோளம் உண்டவர்களிடம் காணப்பட்டது. அதுதான் புதிர்.

உண்ணும் புரதம் அப்படியே உடலில் சேர்வதில்லை. இரைப்பையிலும் சிறுகுடலிலும் அமினோ அமிலங்களாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. உயிரணுக்கள் அவற்றைக் கோத்துத் தமக்கு வேண்டிய புரதங்களை ஆக்கிக்கொள்கின்றன. மிஞ்சுவதைச் சேமித்து வைக்க உடலில் தனி இடம் இல்லை. அதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேற, மீதி ஆற்றலுக்குப் பயன்படும் அல்லது கொழுப்பாக மாறும். சில அமினோ அமிலங்களுக்கு வேறு வேலையும் உண்டு. டிரிப்டோபானிலிருந்து உடல் நியாசினைத் தயாரிக்கிறது. சுமார் 60 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம் என்பது கணக்கு.

மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் மிகக் குறைவு என்பதால் அங்கே காரணம் தெளிவு. சோளத்தில் அது அவ்வளவு குறைவில்லை. பிறகு ஏன் நோய்? சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் 'லான்செட்' இதழில் ஒரு விடையை முன்வைத்தனர். குன்னூரில் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் நடந்த பணி அது. இரு தானியங்களிலும் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுதி. அந்த மிகுதி நியாசின் உருவாவதைக் குலைக்கிறது என்றனர். பிற நாடுகளில் நடந்த சோதனைகள் எல்லாம் இதை உறுதிசெய்யவில்லை, விவாதம் நீண்டது. ஆனாலும் அமினோ அமிலத்தின் குறைவை மட்டுமே பார்த்த காலத்தில், மிகுதியும் ஊறு செய்யலாம் என்று கேட்டதே பெரிய காரியம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இன்று மக்காச்சோளம் பெருமளவில் விளைகிறது. ஆனால் அது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கே போகிறது. அதன் லைசின் குறையை ஈடுகட்டத் தீவன ஆலைகள் சோயாப் புண்ணாக்கையும் தனி லைசினையும் கலக்கின்றன. மனிதரின் தட்டில் அந்த ஈட்டைத் துவரையும் மொச்சையும் செய்கின்றன: தானியத்தில் குறையும் லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் உண்டு. சோளத்தோடு துவரையை ஊடுபயிராக விதைப்பது மானாவாரி உழவர்களின் பழைய வழக்கம்.