மத்திகிரிப் பண்ணை சும்மாவா கிடக்கிறது?



நம் ஜோலார்பேட்டைப் பிள்ளைகள் நிறைய பேர் ஓசூரில் வேலை பார்க்கிறீர்கள். அங்கிருந்து ஒரு பழைய மாணவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், வீட்டு வாடகை கொடுத்து மாளவில்லை. மத்திகிரி மாட்டுப் பண்ணை 1,600 ஏக்கருக்கு மேல் சும்மா கிடக்கிறது. அதில் பாதியைப் பிரித்து வீடு கட்டினால் என்ன?" இதை நான் உறவினர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் வேறு யோசனை சொன்னார். பழைய கட்டடங்களுக்கு வெள்ளையடித்து, குதிரை சவாரி வைத்து, சுற்றுலாத் தலமாக்க வேண்டுமாம்.

இரண்டு பேருமே நல்ல எண்ணத்தில் பேசியவர்கள்தான். ஆனால் இரண்டு பேச்சிலும் மாடும் இல்லை, புல்லும் இல்லை. ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஓசூர் நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தபோது முதல் கலெக்டர் அலெக்சாண்டர் ரீட் தங்கி நிர்வாகம் செய்தது நம் திருப்பத்தூரில். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு ஓசூரும் கம்பெனி வசமானது. பிறகு வெகுகாலம் ஓசூரும் திருப்பத்தூரும் ஒரே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன.

பெங்களூரில் தண்டு அமைந்ததும் குதிரைப் படைக்குக் குதிரைகள் தேவைப்பட்டன. குதிரைகளை வைத்துப் பராமரிக்கவும் பழக்கவும் 1824-ல் மத்திகிரியில் பண்ணை தொடங்கினார்கள். மேட்டு நிலம், மிதமான வெயில், பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தூரம். நம் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டுக்கு ரயில் ஓடியது 1864-ல்தான். ரயிலுக்கே 40 வயது மூத்தது அந்தப் பண்ணை! 2024-ல் அதற்கு 200 வயது நிறைந்தது.

குதிரைப் படையின் காலம் முடிந்த பின் அது கால்நடைப் பண்ணையாயிற்று. தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936-ல் பெரிய நூல் எழுதிய லிட்டில்வுட் என்ற அதிகாரி அங்கே பணியாற்றியவர். சிவப்பு சிந்தி மாடுகளை அங்கே மந்தையாக வளர்த்தார்கள். 1947-ல் நாடு பிரிந்தபோது சிந்து மாகாணம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அந்த இனத்தின் தாய்மண் எல்லைக்கு அப்பால். இந்தியாவில் அது தங்கியது இப்படிப்பட்ட ஒருசில பண்ணைகளில். இது சும்மா கிடக்கும் நிலம் செய்த வேலையா, சொல்லுங்கள்.

மந்தையை விற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. மைசூர் உடையார்கள் தொடங்கி, ஹைதர் அலி பெருக்கி, திப்பு 'அமிர்த மகால்' என்று பெயர் வைத்த மாட்டு மந்தை அது. பால் கறக்க அல்ல, பீரங்கி இழுக்க. மாநிலமெங்கும் 'காவல்' என்ற பெயரில் அவற்றுக்கென மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கியிருந்தார்கள். கோடைக்கு ஓரிடம், மழைக்கு ஓரிடம் என்று மந்தை நகரும். அந்த மாடுகளின் பலத்தில்தான் ஹைதரின் படை இரண்டரை நாளில் 100 மைல் கடந்து சிதம்பரத்துக்கு வந்ததாக ஆங்கிலேயர்களே எழுதி வைத்தார்கள். திப்புவை வென்ற பிறகு மந்தையைக் கலைக்காமல் தங்கள் படைக்கே வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் 1860-ல் சிக்கனம் என்று சொல்லி மந்தையைக் கலைத்து விற்றார்கள். ஆறேழு ஆண்டுகளுக்குள் படைக்கு நல்ல மாடு கிடைக்கவில்லை. மறுபடியும் தேடித் தேடி வாங்கி மந்தையைத் தொடங்க வேண்டியதாயிற்று. கட்டடம் இடிந்தால் அதே அளவில் கட்டிவிடலாம். இரு நூற்றாண்டுக் கால்வழியை எந்தச் சந்தையில் வாங்குவது? நல்ல வேளை, அன்று காவல் நிலங்களாவது மிச்சம் இருந்தன. மாடு போனாலும் புல் இருந்ததால் மந்தை திரும்பியது.

இன்று அந்த நிலத்துக்கும் கேள்வி வந்துவிட்டது. சித்ரதுர்கா மாவட்டம் செல்லக்கெரெயில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமிர்த மகால் காவல்களிலிருந்து பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 4,290 ஏக்கர், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு 1,810, இந்திய அறிவியல் கழகத்துக்கு 1,500, இஸ்ரோவுக்கு 573 ஏக்கர் என்று ஒதுக்கினார்கள். அங்கே ஆடு மேய்ப்பவர்களும் கம்பளி நெய்பவர்களும் எதிர்த்தார்கள். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை வழக்கு வந்தது. திட்டங்கள் நின்றுவிடவில்லை. 2017-ல் விமானச் சோதனைத் தளம் திறந்தார்கள். 2023 ஏப்ரலில் இஸ்ரோவின் மறுபயன்பாட்டு விண்கலம் அங்கேதான் சோதனையாகத் தரையிறங்கியது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அறிவியல் வேண்டாம் என்று எந்த ஆசிரியர் சொல்வார்? ஆனால் நிலத்தைக் கொடுத்த அரசுக் காகிதங்களில் அது பயனில்லாத நிலம் என்பது போலவே கணக்கு இருந்தது. ஆட்டுக்குப் புல், தறிக்குக் கம்பளி, வெளிமானுக்கு வீடு எல்லாம் அந்தக் கணக்கில் பூஜ்யம். திட்டம் நல்லதா கெட்டதா என்பது அடுத்த கேள்வி. இழப்பவனுடைய பங்கைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் எந்தக் கூட்டலும் சரியாக வராது.

இது நமக்குப் புரியாத விஷயமா? பாலாற்றங்கரையில் பிறந்தவர்கள் நாம். தோல் தொழில் நமக்குச் சோறு போட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, இந்தப் பக்கத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கழிவால் பாதியோ முழுதோ பாழானதாகக் குறிப்பிட்டது. வரவை எழுதி, செலவை எழுதாமல் விட்டதன் பலன் அது. நம்மூர்ப் பக்கம் மாடு என்றால் கடைசியில் தோலாக வந்து சேரும் பொருளாகவே பலர் நினைக்கிறோம். அது தொடங்கும் இடம் புல்தரை.

அதனால் மத்திகிரியைப் பற்றி என் கருத்து இதுதான். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கட்டும், தாராளமாக. ஒன்றில் பண்ணையின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம் வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் காங்கேயத்துக்கும் சிந்திக்கும் வித்தியாசம் காட்டலாம். பக்கத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இருக்கிறது. இளைஞர்களுக்குப் பயிற்சி தர அதைவிட நல்ல இடம் எது? நல்ல கன்றுகளும் தீவன விதையும் சிறு விவசாயிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேரவில்லை என்றால், "இவ்வளவு நிலம் எதற்கு?" என்று கேட்க ஊர்க்காரனுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது பண்ணைதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மேய்ச்சல் தரையைத் துண்டு போட்டு விற்றுவிட்டு, குதிரை லாயத்தை மட்டும் புதுப்பித்து டிக்கெட் போட்டால் அது பண்ணையைக் காப்பாற்றியதாக ஆகாது. மாடு இல்லாத பண்ணையும் நெல் இல்லாத களஞ்சியமும் ஒன்றுதான்.

வாடகை கேள்வி கேட்ட தம்பிக்கு: உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. தொழிலாளிக்கு வீடு வேண்டும் என்று கேள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் புல்தரையைச் "சும்மா கிடக்கிறது" என்று மட்டும் சொல்லாதே.

ஓசூரில் இருப்பவர்கள், பண்ணையில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டு இங்கே எழுதுங்கள். மாடுகளின் பெயர், மேய்ச்சல் மேட்டின் பெயர், எதுவானாலும் சரி. அவர்களோடு அது போய்விடக் கூடாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.