ஆடு மிரளாமல் ஜெயிக்க வேண்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நாட்டு நாய்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, இப்போது கால்நடை மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், நாயை வைத்துப் போட்டி நடத்துவதே கொடுமைதானே? மனுஷனுடைய பெருமைக்காக அது ஏன் கஷ்டப்படணும்?"

நியாயமான கேள்வி. நாய்ச்சண்டை, முயலை விட்டுத் துரத்தச் சொல்வது எல்லாம் எனக்கும் ஆகாது. ஆனால் பிரிட்டனில் மேய்ப்பு நாய்ப் போட்டி என்று ஒன்று நூற்றைம்பது வருஷமாக நடந்துவருகிறது. அதன் கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டு நீயே சொல்லம்மா.

வடக்கு வேல்ஸில் பாலா என்று ஒரு ஊர். (பாலா என்றதும் நம் வகுப்புப் பாலசுப்பிரமணியன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) ஒரு பெரிய ஏரி, சுற்றிலும் மலை, மலையெல்லாம் ஆடு. அந்தப் பக்கத்து நிலச்சுவான்தார் ரிச்சர்ட் ஜான் லாயிட் பிரைஸ். சுவாரஸ்யமான மனிதர். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தில் தன் குடும்பத்துக்குக் கல்லறை மண்டபம் கட்டிக்கொண்டவர். பக்கத்தில் ஃபிரான்காக் என்ற இடத்தில் விஸ்கி ஆலை தொடங்கினார், அது படுத்துவிட்டது. 1916 எழுச்சிக்குப் பிறகு அயர்லாந்து விடுதலை வீரர்களை ஆங்கில அரசு அடைத்து வைத்த முகாம் அந்த ஆலைக் கட்டடத்தில்தான் இருந்தது. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்தப் பிரைஸ்தான் 1873 அக்டோபர் 9-ஆம் தேதி பாலாவில் மேய்ப்பு நாய்களுக்கு ஒரு போட்டி வைத்தார். நியூசிலாந்தில் 1860-களிலேயே இப்படிப் போட்டிகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் பிரிட்டனில் பதிவான முதல் போட்டி இதுதான். பத்து நாய்கள் கலந்துகொண்டன. முந்நூறு பேர் வரை வேடிக்கை பார்க்க வந்தார்கள். போட்டி நடந்தது வேல்ஸில், ஆடும் வேல்ஸ் மலை ஆடு. ஜெயித்ததோ, ஸ்காட்லாந்திலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்த தாம்சன் என்பவர். அவருடைய நாய் ட்வீட், கறுப்பும் செம்பழுப்புமான சின்ன நாய். சொந்த ஊரில், சொந்த ஆட்டை வைத்து நடத்திய போட்டியில் பரிசு அசலூர்க்காரருக்குப் போயிற்று. நம் ஊர்த் திருவிழாக் கபடியில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் மேய்ப்பர்கள் நாயை ஓட்டியது பெரும்பாலும் கத்தியும் கையை ஆட்டியும்தான். 1883-இல் ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் ஒரு போட்டி. நார்தம்பர்லாந்திலிருந்து வில்லியம் வாலஸ் என்பவர் வந்தார். அவர் கத்தவே இல்லை. தாழ்ந்த குரல், மெல்லிய சீழ்க்கை, அவ்வளவுதான். நாய் அதற்கே வேலை செய்தது, ஆடும் மிரளவில்லை. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அதன் பிறகு கத்தி ஓட்டுகிற பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யாரும் உபதேசம் செய்து மாற்றவில்லை. அமைதியாக ஓட்டினால் மதிப்பெண் கூடுதல் என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டது.

பத்து வருஷம் கழித்து, 1893 செப்டம்பரில், அதே நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ஒரு குட்டி பிறந்தது. பெயர் ஹெம்ப். அப்பா ராய் சாதுவான நாய். அம்மா மெக் கூச்ச சுபாவம், ஆனால் பார்வையாலேயே ஆட்டை நிறுத்திவிடுவாள். இரண்டும் சரியான அளவில் கலந்து பிறந்தவன் ஹெம்ப். குரைக்காமல், கடிக்காமல், உடம்பைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல் பார்ப்பான். ஆடு நகரும். எட்டு வருஷம்கூட வாழவில்லை, 1901-இல் இறந்துவிட்டான். அதற்குள் அவனுக்கு இருநூறுக்கு மேல் குட்டிகள். இன்று உலகம் முழுக்க பார்டர் காலி என்று கொண்டாடுகிறார்களே, அந்த இனமே அவன் வழி வந்தது என்று சொல்லலாம். அழகு பார்த்து வளர்த்த இனம் இல்லை அது. ஆட்டை நோகடிக்காமல் வேலை செய்கிற நாயின் குட்டிகளையே ஆளாளுக்குத் தேடி வாங்கியதால் உருவான இனம்.

1906-இல் ஸ்காட்லாந்துக்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் தொடங்கினார்கள். இரண்டே நாடு, பெயர் பன்னாட்டு! எல்லாம் தொடங்கிய வேல்ஸ் அதில் சேர்ந்தது 1922-இல்தான்.

இனி போட்டி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மேய்ப்பர் ஒரு கம்பத்தின் அருகில் நிற்பார். சுமார் நானூறு கெஜத்துக்கு அப்பால் ஐந்து ஆடு. நாய் நேராக ஓடக் கூடாது. பேரிக்காய் வடிவத்தில் அகலமாக வளைந்து, ஆட்டுக்குப் பின்னால் போய்ச் சேர வேண்டும். இதற்கு 20 மதிப்பெண். அடுத்தது, நாயும் ஆடும் முதன்முதலாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஆடு நகரத் தொடங்குகிற கணம். அதற்கு மட்டும் தனியாக 10. சில நொடிதான் இருக்கும். புது வகுப்புக்குள் முதல் நாள் நுழைகிற ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பார்வையிலேயே பிள்ளைகள் எடை போட்டுவிடுவார்கள். ஆடும் அப்படித்தான். நாய் அவசரப்பட்டால் சிதறும், தயங்கினால் எதிர்த்து நிற்கும்.

பிறகு நேர்கோட்டில் மேய்ப்பரிடம் கொண்டுவர 20, அவரை விட்டு விலக்கி முக்கோணப் பாதையில் ஓட்டிப்போக 30, மந்தையைப் பிரிக்க 10, பட்டியில் அடைக்க 10. மொத்தம் 100. நடுவர் மதிப்பெண் போடுவதில்லை, கழிக்கிறார். எல்லோரும் முழு மதிப்பெண்ணோடுதான் தொடங்குகிறார்கள். கோணினால் கொஞ்சம் போகும், ஆடு தெறித்து ஓடினால் இன்னும் போகும். நாய் ஆட்டைக் கடித்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடலாம். மேய்ப்பரும் ஆட்டைத் தொடக் கூடாது. பட்டிக் கதவின் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி நிற்க வேண்டும், கயிற்றை விடவும் கூடாது.

இறுதிச் சுற்றுக்குப் போனால் இன்னும் கடினம். இருபது ஆடு, பத்துப் பத்தாக இரண்டு இடத்தில் நிற்கும். நாய் முதல் பத்தைக் கொண்டுவந்து பாதி வழியில் விட்டுவிட வேண்டும். அப்போது மேய்ப்பர் திரும்பிப் போகச் சொல்வார். அந்தப் பக்கம் இன்னும் பத்து ஆடு இருப்பது நாய்க்குத் தெரியாது. கண்ணில் படாத ஒன்றைத் தேடி, மேய்ப்பர் சொன்ன ஒரே காரணத்துக்காக, கையிலிருக்கும் ஆட்டை விட்டுவிட்டுத் திரும்பி ஓட வேண்டும். சில நாய்கள் ஒரு கணம் நின்று மேய்ப்பரைத் திரும்பிப் பார்க்கும். "நிஜமாகத்தான் சொல்றியா?" என்பதுபோல் இருக்கும் அந்தப் பார்வை. அடித்துப் பழக்கிய நாய் அங்கே போகாது.

இதில் அதிர்ஷ்டமும் உண்டு. ஒருவருக்குச் சாதுவான ஆடு அமையும், அடுத்தவருக்கு முரட்டு ஆடு. காலையில் ஓட்டுபவருக்குக் குளிர்ச்சி, மத்தியானம் ஓட்டுபவருக்கு வெயில். நடுவர் சொன்னால் சொன்னதுதான். அவரும் பெரும்பாலும் மந்தை வைத்திருப்பவர், நாய் ஓட்டியவர். சின்ன ஊர்ப் போட்டிகளில் காலையில் தன் நாயை ஓட்டி முடித்தவரே, மத்தியானம் மேட்டில் நின்று எதிராளிக்கு ஐந்தைந்து ஆடாகப் பிரித்து நிறுத்திக் கொடுப்பார். அவர் நினைத்தால் கெடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு அவர் ஓட்டும்போது மேட்டில் நிற்கப்போவது இவர். பாவ புண்ணியக் கணக்கெல்லாம் வேண்டாம், இந்த ஏற்பாடே போதும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒன்று உண்டு. பாதியில் ஆடு களைத்துவிட்டது, அல்லது நாய்க்குக் கால் சரியில்லை, அல்லது இன்றைக்கு இது சரிவராது என்று மேய்ப்பருக்குத் தோன்றினால், அவரே போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம். நடுவருக்குக் கையைக் காட்டிவிட்டு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதுவரை எடுத்த மதிப்பெண் எல்லாம் போச்சு. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'ஆர்.டி.' என்று இரண்டு எழுத்து இருக்கும், ஓய்ந்துகொண்டார் என்று அர்த்தம். அதை அங்கே யாரும் அவமானமாக நினைப்பதில்லை. ஆடு தவிப்பது தெரிந்தும் விடாமல் ஓட்டுகிறவனைத்தான் மற்ற மேய்ப்பர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அது இன்னொருவருடைய மந்தை. சினை ஆடாகவும் இருக்கலாம். போட்டி முடிந்ததும் அது பத்திரமாக மலைக்குத் திரும்ப வேண்டும்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் வருஷா வருஷம் விளையாட்டு விழாப் பொறுப்பு என் தலையில் விழும். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு பையன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். கோட்டுக்கு வெளியே அவன் அப்பா, "நிக்காதடா, ஓடுடா" என்று கத்துகிறார். பையன் அப்பாவைப் பார்க்கிறான், காலைப் பார்க்கிறான், ஓடுகிறான். நான் உள்ளே போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கு அந்த மனிதர் என்னிடம் பேசிய பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல. தலைமை ஆசிரியரும் அவர் பக்கம்தான் பேசினார், "பரிசு வாங்க வேண்டிய பையன் டீச்சர்" என்று. 'ஆர்.டி.' என்ற இரண்டு எழுத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பையனின் முகம்தான். நிற்கலாம் என்று அவனிடம் சொல்ல அங்கே யாருக்கும் மனமில்லை. நாய்க்கு அப்படிச் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

விலகத் தெரிந்தவன் ஜெயிக்க மாட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஜே. எம். வில்சன் 1928-க்கும் 1955-க்கும் இடையில் பன்னாட்டுப் பட்டத்தை ஒன்பது முறை வாங்கியவர். அவருடைய ராய் என்ற நாய் மட்டும் 1934, 1936, 1937 என்று மூன்று முறை ஜெயித்தது. நடுவில் 1935 வேறொருவருக்குப் போனது. அடுத்த வருஷம் வில்சன் அதே நாயோடு திரும்பி வந்தார். 1940 முதல் 1945 வரை போரினால் போட்டியே இல்லை. அவர் வீட்டிலும் பண்ணையிலும் அந்த ஆறு வருஷமும் நாய்கள் பாட்டுக்கு ஆடு மேய்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். போட்டி இல்லாவிட்டால் மந்தைக்கு லீவு விட முடியுமா!

மருத்துவர் அம்மாவுக்கு ஒன்று. இந்தப் போட்டியில் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. முன்பின் தெரியாத நாய் ஒன்று எதிரே வந்து நின்றால் ஆட்டுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்துக்கு மதிப்பெண் கழிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று கீழே எழுது.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பி.பி.சி. தொலைக்காட்சி 1976-இல் 'ஒன் மேன் அண்ட் ஹிஸ் டாக்' என்ற பெயரில் இந்தப் போட்டிகளைக் காட்டத் தொடங்கியது. அந்தப் பெயரைப் போட்டு யூடியூபில் தேடுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பட்டிக் கதவு சாத்தப்படும் வரை என் பேத்தி மூச்சே விடவில்லை.