வீடு திரும்பிய படைவீரர்

பெங்களூரில் நீலசந்திராவின் தெருக்களில் நடப்பவர்க்குத் தமிழகத்தை விட்டு வந்துவிட்டோம் என்ற எண்ணமே எழுவதில்லை. கடைப் பேச்சும் திண்ணைப் பேச்சும் தமிழாகவே காதில் விழுகின்றன. சற்று அப்பால் இராணுவத்தின் நெடுமதில்கள் தொடங்கிவிடுகின்றன. தமிழருக்கும் அம்மதில்களுக்கும் உள்ள உறவு பழையது. திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படை, நோய்க்கு அஞ்சி வேறிடம் நாடிற்று. 1809-ல் பெங்களூர்த் தண்டு எழுந்தது. 1834-ல் மதராஸ் சாப்பர் படையின் தலைமையிடமும் இங்கு வந்து சேர்ந்தது. பாலம் கட்டுவதும் பாதை வகுப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் அப்படையின் தொழில். அதன் வீரரைத் ‘தம்பி’ என்று பிறர் அழைப்பது இன்றும் வழக்கு.

போருக்குச் சென்றவர் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். திரும்பி வந்தவர் கதையையோ கேட்பாரில்லை. மதராஸ் பயனியர் படை என்றொன்று இருந்தது. முதல் உலகப் போரில் உழைத்த அப்படையினரைச் செலவுச் சிக்கனம் கருதி 1933-ல் கலைத்துவிட்டனர். சிலர் சாப்பர் படையில் இடம் பெற்றனர். ஏனையோர் மூட்டை முடிச்சுடன் ஊர் திரும்பினர்.

இரண்டாம் உலகப் போரில் அரசாங்கம் சற்று முன்யோசனையுடன் நடந்துகொண்டது என்றே சொல்லவேண்டும். போருக்குப் பிந்திய மறுவாழ்வு நிதி என்று ஒன்றை 1942-ல் தொடங்கி, போரிடும் வீரர் ஒருவருக்கு மாதம் 2 ரூபாயும், போரிடாப் பணியாளருக்கு 1 ரூபாயும் ஒதுக்கிற்று. 1945-ல் அத்தொகை மாகாணங்களுக்குப் பங்கிடப்பட்டது. எந்த மாகாணம் எத்தனை வீரரைத் தந்ததோ, அதற்கேற்பவே பங்கு. நியாயமான கணக்குத்தான், ஆயினும் சேலத்திலோ வடஆர்க்காட்டிலோ பட்டாளத்தில் சேர்ந்து, பெங்களூரிலேயே குடியேறிவிட்டவருக்கு அந்நிதி எட்டாத் தொலைவில் நின்றது.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள் கொண்டாடப்படுகிறது. சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொண்டு நாம் அளிக்கும் காசு, முன்னாள் வீரர் குடும்பங்களுக்கே செல்கிறது.

விதவையர் நிலையைத் தனியே கூறவேண்டும். சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், உடன் வந்தோரைக் காக்கக் கண்ணிவெடியின் மீது தாமே விழுந்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருது அவர் மறைந்த பிறகே அளிக்கப்பட்டது. வீரச்செயலுக்கு விருது பெற்றவருக்கு மாதந்தோறும் படித்தொகை உண்டு; அவர் மறைந்தால் அது மனைவிக்குச் சேரும். ஆனால் அவள் மறுமணம் செய்துகொண்டால் தொகை நின்றுவிடும் என்பது சுதந்திர இந்தியாவில் நெடுநாள் இருந்த விதி. 1995-ல் அதைச் சற்றே தளர்த்தினர்: கணவனின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டும் தொகை தொடரும்! யாரை மணப்பது என்பதை அலுவலகக் கோப்பு தீர்மானித்தது விந்தையே. 2017 நவம்பரில்தான் இந்நிபந்தனை நீக்கப்பட்டது.

விதிகள் திருந்திவிட்டன, காகிதங்கள் திருந்துவது கடினம். வீரர் மணம் புரிந்ததும் பிள்ளை பெற்றதும் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனும் படைக் குறிப்பில் ஏறியிருக்கவேண்டும். அதில் மனைவியின் பெயர் சரியாக இல்லையெனில், கணவனுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் கிடைப்பதில் தடங்கல் உண்டாகும். ஓய்வூதியம் மத்திய அரசினது. எம்மாநிலத்தில் வாழினும் மாறாது. மாநில அரசுகள் தரும் கல்வி உதவியும் மண உதவியும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். ஆகவே வெளிமாநிலத்தில் வாழும் முன்னாள் வீரர், தாம் குடியிருக்கும் மாவட்டத்துப் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துவைப்பதும், பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரைத் தாம் இருக்கும்போதே ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நலம்.

நீலசந்திராவில் மூதாட்டி ஒருவர், ஆங்கிலத்தில் வந்த கடிதமொன்றைத் தமிழாக்கித் தருமாறு நம்மிடம் நீட்டினார். மொழிபெயர்ப்பே நமது பிழைப்பு. பென்ஷனை ‘ஓய்வூதியம்’ என்று நாம் படித்தபோது, அது வேறு ஏதோ என்று அவர் கலங்கினார். கடிதத்தின் சாரம் இதுதான்: அடையாள அட்டையில் அவர் ‘அம்மாள்’, படைக் குறிப்பிலோ ‘அம்மா’. அறுபதாண்டுகளுக்கு முன் எழுத்தர் ஒருவர் விட்ட ‘ள்’ எழுத்தால் மனு திரும்பியிருந்தது. உறுதிமொழிப் பத்திரமும் சாட்சிகளும் சேர்த்து மறுபடி அனுப்பினோம். அலகாபாத்திலிருந்து, இன்றைய பிரயாக்ராஜிலிருந்து, திருத்திய ஆணை வர ஒன்பது மாதங்கள் ஆயின. அந்த ஒன்பது மாதமும் அவர் மகள் நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கி அடுப்பெரித்தாள்.