சுற்று வடிவமைப்பில் நீர்க்குறி

மின்னணுச் சுற்றின் அமைப்புக்குள்ளேயே வடிவமைத்தவரின் கையொப்பத்தைக் கலந்து வைப்பது வன்பொருள் நீர்க்குறி. நகலெடுப்பதை அது தடுப்பதில்லை. நகல்தான் என்று நிறுவ உதவுகிறது. அந்தச் சான்று எவ்வளவு தேவை என்பது இந்தியச் சட்டத்திலேயே தெரிகிறது. சிப் தளவமைப்புக்கு அமெரிக்கா 1984-இல் தனிச் சட்டம் இயற்றியது. அறிவுசார் சொத்துரிமை குறித்த டிரிப்ஸ் உடன்படிக்கையை ஒட்டி இந்தியாவும் 2000-இல் இயற்றியது. பதிவான தளவமைப்புக்கு 10 ஆண்டு பாதுகாப்பு உண்டு. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. ஆனால் ஒருவர் சொந்த அறிவால் அதே அமைப்பை எட்டியிருந்தால் அது மீறலாகாது என்கிறது 18-ஆம் பிரிவு. நியாயமான விதிவிலக்குதான். ஆனால் நகலெடுத்தவரும் அதையே சொல்லித் தப்பலாம்: ஒரே வேலையைச் செய்யும் சுற்றுகள் ஒத்திருப்பதில் என்ன வியப்பு?

இந்த வாதத்தை உடைக்கும் கணக்கை ஆண்ட்ரூ காங், மியோட்ராக் பொட்கோன்ஜக் முதலியோர் 1998-இல் முன்வைத்தனர். வடிவமைப்பாளரின் பெயரை மறையாக்கம் செய்தால் 0, 1 வரிசை கிடைக்கும். அதைக் கொண்டு, ‘இந்த இரு மாறிகளும் ஒரே ரெஜிஸ்டரில் (சுற்றினுள் மதிப்பைத் தேக்கும் இடத்தில்) இருக்கக் கூடாது’ என்பது போன்ற கூடுதல் நிபந்தனைகளை வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொடுப்பார்கள். சுற்று வழக்கம்போலவே இயங்கும். நிபந்தனை ஒவ்வொன்றும் தற்செயலாக நிறைவேற இரண்டில் ஒரு வாய்ப்பு என்று கொண்டால், அத்தகைய 40 நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறும் வாய்ப்பு ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒன்று. தற்செயல் என்ற வாதம் அங்கே நிற்காது.

சுற்றை மறுபடி தொகுத்தால் குறி அழிந்துவிடுமே என்பது வலுவான மறுப்பு. கடைசிக் கட்டத்தில் இட்ட குறிக்கு அது பொருந்தும். அதனால்தான் ஐஐடி இந்தூரில் அனிர்பன் சென்குப்தாவின் குழு, ரெஜிஸ்டர் ஒதுக்கீடு நடக்கும் உயர்நிலைக் கட்டத்திலேயே குறியைப் பதிக்கிறது. அங்கே பதிந்ததைக் களைய வேண்டுமானால் வடிவமைப்பைப் பெருமளவு புதிதாகச் செய்தாக வேண்டும். திருடியதால் மிச்சமான உழைப்பு அதிலேயே போய்விடும். பொய்யாக ஒரு குறியைக் கண்டெடுத்து யாரும் உரிமை கோரலாமே என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் இங்கே பயன்படும் மறையாக்கம் ஒருவழிப்பட்டது என்பதால், விரும்பிய வரிசைக்கு ஏற்ற பெயரைப் பின்னோக்கித் தேடிப் பிடிப்பது நடைமுறையில் இயலாது. கையொப்பத்தை முன்கூட்டியே தேதியோடு மூன்றாமவரிடம் ஒப்படைப்பதும் நல்ல காப்பு.

திறந்த வடிவமைப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளின் மூலநிரலை பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தின்படி யாரும் எடுத்தாளலாம். அந்தச் செயலிகளில் ஒன்று 2018-இல் மொஹாலி செமிகண்டக்டர் லேபரட்டரியில் சிப்பாகவும் வார்க்கப்பட்டது. படைத்தவரின் உரிமைக் குறிப்பை விடாமல் தர வேண்டும் என்பதே உரிமத்தின் முக்கிய நிபந்தனை. அந்தக் குறிப்போ மூலக் கோப்பின் தலைப்பில் எழுதிய சில வரிகள். நிரல் சுற்றாகத் தொகுக்கப்படும்போதே அவை உதிர்ந்துவிடும். இத்தகைய வடிவமைப்பில் நீர்க்குறி இருந்தால், கோப்பில் எழுதிய பெயர் சிலிக்கன் வரை சென்று சேரும்.